41டிஇ மினிவேன்: டிசிஎம் போய்விட்டதா? மாற்றும் முன் பார்க்க வேண்டியவை, மாற்றிய பின் செய்ய வேண்டியவை

#1 நாலாம்கியர்

வணக்கம். 2002 மாடல் கிரைஸ்லர் நிறுவன மினிவேன், 3.3 லிட்டர் வி6, 41டிஇ நான்கு கியர் ஆட்டோமேட்டிக். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்பீடாமீட்டர் முள் ஒரு நொடி கீழே விழுந்து எழுகிறது. அதோடு வண்டி இரண்டாம் கியரில் பூட்டிக்கொள்கிறது, மேலே ஏறுவதில்லை. சாவியை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். இன்ஜின் சூடான பிறகுதான் வருகிறது. கையில் இருக்கும் சாதாரண ஸ்கேனர் பி0700 என்ற கோளாறுக் கோடு (code) மட்டும் காட்டுகிறது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் கோடைப் பார்த்த உடனே டிசிஎம், அதாவது கியர்பாக்ஸைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டியை, மாற்ற வேண்டும் என்றார்கள்.

எனக்குத் தெரிய வேண்டியது மூன்று. டிசிஎம்தான் குற்றவாளி என்று எப்படி உறுதி செய்வது? பெட்டி எங்கே இருக்கிறது, எப்படிக் கழற்றுவது? மாற்றிய பிறகு புரோகிராமிங் ஏதாவது செய்ய வேண்டுமா?

#2 வயரிங் செழியன்

தம்பி, பி0700-ஐ வைத்துக்கொண்டு யாரும் எதையும் மாற்றக் கூடாது. அது இன்ஜின் கம்ப்யூட்டரில் பதிவாகிற கோடு. 'கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் ஏதோ கோளாறு சொல்கிறது, அதனால் செக் இன்ஜின் லைட் போடுகிறேன்' என்பதற்கு மேல் அதில் செய்தி எதுவும் இல்லை. உண்மையான கோடு டிசிஎம்முக்குள் இருக்கிறது. அதைப் படிக்க அந்தத் தயாரிப்பாளரின் டிரான்ஸ்மிஷன் மாட்யூலுக்குள் நுழையும் ஸ்கேனர் வேண்டும். டிஆர்பி 3 அல்லது அதற்கு இணையானது. முதலில் அதைப் படித்து இங்கே போடுங்கள்.

அதுவரை ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். இரண்டாம் கியரில் பூட்டிக்கொள்வது கோளாறு இல்லை, பாதுகாப்பு ஏற்பாடு. இந்த கியர்பாக்ஸில் நான்கு சோலனாய்டு, அதாவது கிளட்ச்சுகளுக்குப் போகும் ஆயிலைத் திறந்து மூடும் மின்வால்வுகள். அண்டர்டிரைவ், 2/4 இரண்டும் கரண்ட் இல்லாதபோது ஆயிலை விடும்படி செய்திருக்கிறார்கள். லோ-ரிவர்ஸ், ஓவர்டிரைவ் இரண்டும் கரண்ட் இல்லாதபோது அடைத்துக்கொள்ளும். டிசிஎம்முக்குச் சந்தேகம் வந்தால், இவற்றுக்கு சப்ளை தரும் மின்சுவிட்சான டிரான்ஸ்மிஷன் ரிலேயை விட்டுவிடும். நான்கு சோலனாய்டுக்கும் சப்ளை போய்விடும். மிச்சம் இருப்பது அண்டர்டிரைவும் 2/4-ம். அந்த இரண்டும் சேர்ந்தால் இரண்டாம் கியர். பார்க், ரிவர்ஸ், நியூட்ரல் வழக்கம் போல வேலை செய்யும்.

ஆக, ரிலேவுக்குப் போகும் வயர் அறுந்தாலும் இதே அறிகுறிதான், டிசிஎம் செத்தாலும் இதே அறிகுறிதான், கிளட்ச் தேய்ந்து வழுக்கினாலும் இதே அறிகுறிதான். அறிகுறியை வைத்துப் பெட்டி வாங்குவது பணத்தைக் கொட்டுவது.

ஸ்பீடாமீட்டர் விஷயம் நல்ல துப்பு. இந்த வேன்களில் வேகத்தைக் கணக்கிடுவதே டிசிஎம்தான். அவுட்புட் ஸ்பீடு சென்சாரைப் படித்து மற்ற கம்ப்யூட்டர்களுக்குச் சொல்கிறது. முள் விழுந்தால் ஒன்று சென்சார் பக்கம் கோளாறு, இல்லாவிட்டால் டிசிஎம் அந்த நொடியில் தூங்கிப்போனது.

#3 நாலாம்கியர்

நன்றி அண்ணா. சரியான ஸ்கேனரில் படித்தாகிவிட்டது. டிசிஎம்முக்குள் இருப்பவை: பி0884, பி1768. கியர் விகிதக் கோடு எதுவும் இல்லை. சென்சார் கோடும் இல்லை.

#4 தேவி_எலக்ட்ரிகல்ஸ்

அப்படியானால் வழி தெளிவாகிவிட்டது. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்.

பி0884 என்றால், டிசிஎம் கண் விழித்தபோது வண்டி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. ஏறத்தாழ 32 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல். அதாவது ஓட்டத்தின் நடுவே பெட்டிக்கு சப்ளை போய்த் திரும்பி வந்திருக்கிறது. பி1768 என்றால், ரிலே வழியாக வர வேண்டிய 12 வோல்ட் வரவில்லை என்று டிசிஎம் பார்த்திருக்கிறது. இரண்டும் மின்சாரப் பக்கம். கியர்பாக்ஸைத் திறக்கும் பேச்சே வேண்டாம்.

இந்த இழையைப் பின்னால் படிக்கிறவர்களுக்காக மற்ற கோடுகளும்:

பி0731 முதல் பி0734 வரை வந்தால் அந்தந்த கியரில் இன்புட், அவுட்புட் வேகங்களின் விகிதம் தப்புகிறது. பெரும்பாலும் கிளட்ச், ஆயில், வால்வ் பாடி. புது டிசிஎம் போட்டாலும் அதே கோடு திரும்ப வரும். பி1790 தனியாக வராது, கியர் மாறிய உடனே கோளாறு தெரிந்தது என்று பக்கத்தில் இருக்கும் விகிதக் கோடுக்குச் சாட்சி சொல்லும். பி0715 இன்புட் சென்சார், பி0720 அவுட்புட் சென்சார், பி1794 இரண்டு சென்சாருக்கும் பொதுவான எர்த். பி1684 டிசிஎம்முக்கு பேட்டரி சப்ளை துண்டிக்கப்பட்டது. பேட்டரியைக் கழற்றி மாட்டியிருந்தால் அது இயல்பு, யாரும் கழற்றாதபோது வந்தால் லூஸ் கான்டாக்ட். பி0604, பி0605 இரண்டும் பெட்டி தன் நினைவகத்தைத் தானே சோதித்துத் தோற்றது என்று சொல்வது. சப்ளையும் எர்த்தும் சரியாக இருந்து, அழித்த பின்னும் இவை திரும்பி வந்தால், வாதமே இல்லை, பெட்டியை மாற்றலாம்.

உங்களுக்கு வந்திருப்பது அந்த வகை இல்லை. அதனால் சப்ளையை நிரூபிக்காமல் பெட்டியைத் தொடாதீர்கள்.

#5 மல்டிமீட்டர்

தேவி அக்கா சொன்னதை எப்படி அளப்பது என்று எழுதுகிறேன்.

முதலில் பேட்டரி. இரவு நின்ற வண்டியில் 12.6 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது 13.5-க்கும் 14.7-க்கும் இடையில். டெர்மினலில் வெள்ளைப் பூப்பு இருந்தால் சுத்தம் செய்துவிட்டுத்தான் மற்றவை. ஸ்டார்ட் செய்யும்போது வோல்டேஜ் மிகவும் சரிந்தாலே இந்தப் பெட்டி குழம்பும்.

அடுத்து டிசிஎம் கனெக்டர். 60 பின் கொண்ட ஒரே பெரிய கனெக்டர். சப்ளையைப் பொறுத்தவரை உங்களுக்கு வேண்டிய பின்கள் சிலதான்: 56 நேரடி பேட்டரி, 11 சாவி போட்டால் வரும் சப்ளை, 53-ம் 57-ம் எர்த், 16-ம் 17-ம் ரிலே வழியாகத் திரும்பி வரும் 12 வோல்ட். உங்கள் ஆண்டுக்கான வயரிங் படத்தோடு ஒப்பிட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

கனெக்டரைக் கழற்றிவிட்டு மீட்டரை வைத்து '12 வோல்ட் வருகிறது' என்று திருப்திப்படுவது தவறு. ஒரே ஒரு இழை மிச்சம் இருக்கும் வயர்கூட மீட்டருக்கு 12 வோல்ட் காட்டும், ஏனென்றால் மீட்டர் கரண்ட் இழுப்பதில்லை. லோடு வேண்டும். கனெக்டர் கழன்ற நிலையில் 56-க்கும் 53-க்கும் நடுவே ஒரு டெஸ்ட் லாம்ப் போட்டுப் பாருங்கள். பிறகு 56-57. சாவி போட்டு 11-53, 11-57. பல்ப் பேட்டரியில் நேராக வைத்தால் எப்படி எரியுமோ அதே பிரகாசத்தில் எரிய வேண்டும். மங்கினால் அந்த வழியில் தடை இருக்கிறது.

எர்த்தை மட்டும் தனியாக: கனெக்டர் மாட்டி, இன்ஜின் ஓடி, ஹெட்லைட், ப்ளோயர் எல்லாம் போட்டு, மீட்டரின் ஒரு முனை பேட்டரி நெகட்டிவில், மறுமுனை 53-ல் பின்பக்கமாக. 0.1 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. 57-லும் அதே.

டெஸ்ட் லாம்ப் முனையைப் பெண் பின்னுக்குள் திணிக்காதீர்கள். ஒருமுறை விரிந்த பின் திரும்பச் சுருங்காது. இல்லாத கோளாறை நாமே உண்டாக்கிவிடுவோம். சரியான தடிமன் உள்ள ஆண் பின் ஒன்றை எடுத்து மெதுவாக நுழைத்து இழுத்துப் பாருங்கள். ஒவ்வொரு பின்னும் ஒரே அளவு பிடிப்பு கொடுக்க வேண்டும். வழுக்கி வருகிற பின் எதுவோ அங்கேதான் லூஸ் கான்டாக்ட். வயரின் தோலைக் குத்திப் பார்க்கும் பழக்கமும் வேண்டாம். அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் நுழைந்து சில மாதத்தில் உள்ளே பச்சைக் களிம்பு ஏறிவிடும்.

ரிலேயைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சிலர் ரிலேயைக் கழற்றிவிட்டு அதன் சாக்கெட்டில் வயர் போட்டு ஷார்ட் செய்து ஓட்டச் சொல்வார்கள். செய்யாதீர்கள். கோளாறு வரும்போது சோலனாய்டுகளின் சப்ளையைத் துண்டிக்க டிசிஎம்முக்கு இருக்கும் ஒரே வழி அந்த ரிலே. அதை ஷார்ட் செய்தால் பாதுகாப்பே போய்விடுகிறது. பி1767-ம் வந்து உட்காரும்.

#6 பழையவேன்

இவ்வளவு நேரம் செலவழிப்பதற்கு, நன்றாக இருக்கிறது என்று தெரிந்த இன்னொரு டிசிஎம்மை மாட்டிப் பார்த்துவிடலாமே? பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

#7 வயரிங் செழியன்

மாட்டலாம், ஆனால் சோலனாய்டுகளை அளந்த பிறகு. டிசிஎம் சாகிறதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, சோலனாய்டு ஷார்ட் ஆகி அதை இயக்கும் டிரான்சிஸ்டரை எரிப்பது. காரணம் அப்படியே இருக்க இன்னொரு பெட்டியை மாட்டினால் அதுவும் எரியும். இரவல் பெட்டியாக இருந்தால் நட்பும் போகும்.

கனெக்டர் கழன்ற நிலையில், 16-லிருந்து 19, 20, 59, 60 ஒவ்வொன்றுக்கும் ஓம் பாருங்கள். முறையே 2/4, லோ-ரிவர்ஸ், ஓவர்டிரைவ், அண்டர்டிரைவ். ஒவ்வொன்றும் ஒன்றரை ஓம் பக்கத்தில், நான்கும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்க வேண்டும். மீட்டர் முனைகளை முதலில் ஒன்றோடொன்று தொட்டு வயரின் ஓமைக் கழித்துக்கொள்ளுங்கள், இவ்வளவு சிறிய அளவில் அது பெரிய வித்தியாசம். ஏதாவது ஒன்று பூஜ்யத்துக்குப் பக்கம் போனால் பெட்டியை மாட்டாதீர்கள். அந்த நான்கு பின்னிலிருந்து பாடிக்கும் பாருங்கள், தொடர்பு இருக்கவே கூடாது.

அப்படியே ஸ்பீடு சென்சார் இரண்டும். 13 பொது எர்த், 14 அவுட்புட், 52 இன்புட். 13-14, 13-52 இரண்டும் 300-க்கும் 1200 ஓமுக்கும் இடையில் இருக்க வேண்டும். கூடவே ஒருவரை வயர் கட்டை ஆட்டச் சொல்லிப் பாருங்கள். சென்சார் வயர்கள் கியர்பாக்ஸின் முன்பக்கமாகச் சூட்டிலும் ஆயிலிலும் ஊறுகின்றன. தோல் இறுகி உள்ளே செம்பு அறுந்திருக்கும், வெளியே தெரியாது.

#8 நாலாம்கியர்

எல்லாம் அளந்தாகிவிட்டது. பேட்டரி 12.6, ஓடும்போது 14.2. 56-ம் 11-ம் பல்ப் முழுப் பிரகாசம். எர்த் இரண்டும் 0.04 வோல்ட். சோலனாய்டுகள் 1.5-க்கும் 1.7-க்கும் நடுவில். சென்சார்கள் இரண்டும் வரம்புக்குள். பின்கள் எல்லாம் இறுக்கமாகப் பிடிக்கின்றன, களிம்பு இல்லை. ரிலேயை அதே வகை வேறொன்றோடு மாற்றிப் போட்டும் கோளாறு அப்படியே இருக்கிறது.

#9 தேவி_எலக்ட்ரிகல்ஸ்

நல்லது. இப்போதுதான் பெட்டியைச் சந்தேகிக்க உரிமை வருகிறது. கடைசியாக ஒரு சோதனை, சூட்டோடு சேர்த்து.

மூன்று சிறிய பல்புகள். ஒன்று 56-ல், ஒன்று 11-ல், ஒன்று 16-ல், எல்லாம் கனெக்டரின் பின்பக்கமாக, கனெக்டர் மாட்டிய நிலையில். மறுமுனைகள் பாடி எர்த்தில். வண்டி பார்க்கில், இன்ஜின் ஐடிலில். ஹேர் டிரையரை டிசிஎம் உறைமேல் பிடியுங்கள், கை வைத்தால் நன்றாகச் சுட வேண்டும், அதற்கு மேல் வேண்டாம். ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் மெதுவாகத் தட்டுங்கள்.

16-ன் பல்ப் மட்டும் அணைந்து 56-ம் 11-ம் அசையாமல் எரிந்தால், பெட்டிக்குள் போகும் சப்ளை சரி, பெட்டிதான் ரிலேயை விடுகிறது. உள்ளே சால்டர் விரிசல் விட்ட பெட்டி இப்படித்தான் நடந்துகொள்ளும். குளிரில் ஒட்டிக்கொண்டிருக்கும், சூடு ஏறி போர்டு விரிந்ததும் பிரியும். 56 அல்லது 11 அணைந்தால் பெட்டி நிரபராதி, ஃபியூஸ் பாக்ஸிலிருந்து வரும் வழியைப் பிடியுங்கள்.

இதோடு ரிலே காயிலுக்குப் போகும் வயரையும், அதாவது பின் 15-லிருந்து ரிலே சாக்கெட் வரை, ஆட்டிப் பார்த்துவிடுங்கள். அந்த ஒரு வயர் அறுந்தாலும் 16 அணையும். இதை விட்டுவிட்டுப் பெட்டி வாங்கியவர்கள் அநேகம்.

#10 நாலாம்கியர்

தட்டினால் ஒன்றும் இல்லை. சூடு ஏறிய சில நிமிடத்தில் 16 அணைந்தது, மற்ற இரண்டும் எரிந்துகொண்டே இருந்தன. ஸ்கேனரில் டிசிஎம் ஒரு நொடி காணாமல் போய்த் திரும்பியது. 15-ன் வயர் முழுசாக இருக்கிறது. ஆறவிட்டு மறுபடி சூடேற்றினாலும் அதேதான்.

#11 மல்டிமீட்டர்

தீர்ப்பு வந்துவிட்டது. பெட்டிதான்.

#12 உதிரிபாகம்

இப்போது என்ன பெட்டி வாங்குவது என்பது. இதில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்.

டாட்ஜ் கேரவன், கிராண்ட் கேரவன், கிரைஸ்லர் டவுன் அண்ட் கன்ட்ரி, வாயேஜர் எல்லாம் ஒரே குடும்பம். ஆனால் 1996 முதல் 2000 வரை வந்தவற்றில் கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்வது சிசிடி பஸ் என்ற தகவல் வயர் வழியாக. 2001-ல் புது உடலோடு பிசிஐ பஸ் வந்தது. இரண்டின் பெட்டியும் வெளியே ஒன்று போலவே தெரியும், கனெக்டரும் அதே 60 பின். மாற்றி மாட்டினால் மற்ற கம்ப்யூட்டர்களோடு பேசாது. உங்களுடையது 2002, அதனால் பிசிஐ வகைதான்.

பழைய பெட்டியின் லேபிளில் இருக்கும் பாக எண்ணை எழுதிக்கொண்டு, கடைசி இரண்டு எழுத்துகளையும் சேர்த்து ஒப்பிடுங்கள். அவை திருத்த எண். உங்களுடையதைவிடப் பிந்தைய திருத்தம் வேலை செய்யலாம், பட்டியலில் மாற்றாகக் குறிப்பிட்டிருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டு வாங்குங்கள். இன்ஜின் அளவும் பொருந்த வேண்டும். 2.4-க்கு எழுதிய மென்பொருள் 3.3-ல் கியரைத் தப்பான இடத்தில் மாற்றும்.

பழுது பார்த்துத் தரும் சேவைக்கு உங்கள் பெட்டியையே அனுப்புவது நல்ல வழி. மென்பொருள், டயர் அளவு எல்லாம் அப்படியே இருக்கும். சால்டர் விரிசலுக்கு அதுவே போதும்.

இரண்டு விதிவிலக்கு. மூன்று கியர் 31டிஎச் கியர்பாக்ஸ் உள்ள வேன்களில் டிசிஎம் என்ற பெட்டியே கிடையாது. அங்கே கியர் மாற்றுவது ஆயில் அழுத்தம். 2008 முதல் வந்த ஆறு கியர் 62டிஇ வேன்களில் கியர்பாக்ஸ் கட்டுப்பாடு இன்ஜின் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கிறது. அங்கே பெட்டியை மாற்றினால் வண்டியின் எண், சாவி அடையாளம் எல்லாம் எழுத வேண்டும். இந்த இழையில் சொல்கிற முறை அதற்குப் பொருந்தாது.

#13 வயரிங் செழியன்

கழற்றும் முறை, 2001 முதல் வந்த உடலுக்கு. பெட்டி இடது முன் சக்கரத்துக்கு முன்னால், மட்கார்டுக்குள், ஃபிரேம் ரெயிலில் இருக்கிறது. மேலிருந்து கை போகாது.

சாவியை அணைத்து எடுத்துவிடுங்கள். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள். சமதளத்தில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்கு முட்டு கொடுத்து, இடது முன் சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே தளர்த்தி, ஜாக்கி ஏற்றி, ஸ்டாண்ட் வைத்து, பிறகு சக்கரத்தைக் கழற்றுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பித் தலையை உள்ளே நீட்டாதீர்கள்.

மட்கார்டு உள் உறையின் பிளாஸ்டிக் கிளிப்புகளை எடுத்து முன்பகுதியை மடக்கினால் பெட்டி தெரியும். கனெக்டரின் நடுவில் ஒரே போல்ட். அதை முழுவதும் தளர்த்தினால் கனெக்டர் தானே வெளியே தள்ளிக்கொண்டு வரும். வராவிட்டால் போல்ட் இன்னும் பிடித்திருக்கிறது, நெம்பாதீர்கள். வயரைப் பிடித்து இழுக்கவே கூடாது. பிறகு பெட்டியை ரெயிலில் பிடித்திருக்கும் மூன்று ஸ்க்ரூ. சேறு, உப்பு படிந்து துருப்பிடித்திருக்கும், முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள்.

புதுப் பெட்டியை எடுக்கும் முன் பாடியின் வெற்று உலோகத்தைத் தொடுங்கள், உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் இறங்கிவிடும். பின்களைக் கையால் தொடாதீர்கள். கனெக்டரின் ரப்பர் சீல் மடங்காமல் முழுவதும் உட்கார்ந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இந்தப் பெட்டி இருக்கும் இடத்துக்கு நேராக டயர் தண்ணீரை வாரி அடிக்கிறது. சீல் ஓரம் ஒரு முடி அளவு மடங்கியிருந்தாலும் அடுத்த மழையில் உள்ளே போய்விடும். கனெக்டரை நேராக வைத்து, போல்ட்டைக் கையால் சில சுற்று ஏற்றி, பிறகு 4 நியூட்டன் மீட்டர் அளவுக்கு. அது மிகக் குறைந்த இறுக்கம், விரல்களால் பிடித்த சிறிய ராட்செட் போதும். அதிகம் முறுக்கினால் பெட்டிக்குள் இருக்கும் திருகுமரை பிடுங்கிக்கொண்டு வரும்.

சக்கர நட் 135 நியூட்டன் மீட்டர். உறையின் கிளிப் உடைந்திருந்தால் புதிது போடுங்கள். தொங்கும் உறை டயரில் உரசி, கடைசியில் அதே வயர் கட்டை அறுக்கும்.

#14 பழையவேன்

பின்களுக்கு டைஎலெக்ட்ரிக் கிரீஸ் தாராளமாகப் பூசிவிட்டு மாட்டினால் தண்ணீர் பயமே இல்லை.

#15 மல்டிமீட்டர்

பழையவேன் சார், இதில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. அந்த கிரீஸ் மின்சாரத்தைக் கடத்தாது. பிடிப்பு நன்றாக உள்ள பின் அதைத் தள்ளிவிட்டு உலோகத்தோடு உலோகம் சேர்ந்துவிடும், சரி. ஆனால் 60 பின் அடைத்த கனெக்டரில் வாரிப் பூசினால் காற்று வெளியேற இடமில்லாமல் கனெக்டர் முழுவதும் உட்காராது, சீலையும் பின்பக்கம் தள்ளும். பிடிப்பு தளர்ந்த பின்னாக இருந்தால் தொடர்பையே கெடுக்கும். ரப்பர் சீலின் விளிம்பில் மட்டும் மெல்லிய பூச்சு போதும். களிம்பு இருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்து, உலரவிட்டு, பிறகு மாட்டுங்கள். கிரீஸ் களிம்பை நீக்காது, மூடி வைக்கும்.

#16 பழையவேன்

சீல் விளிம்பு மட்டும், ஒப்புக்கொள்கிறேன்.

#17 தேவி_எலக்ட்ரிகல்ஸ்

மாட்டியதோடு வேலை பாதிதான். மீதிப் பாதியை விட்டுவிட்டு 'புதுப் பெட்டியும் கெட்டது' என்று திருப்பி அனுப்புகிறவர்களைப் பார்க்கும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. பெட்டி நன்றாகத்தான் இருக்கும்.

முதலாவது பினியன் ஃபேக்டர். டிசிஎம்தான் வேகத்தைக் கணக்கிடுகிறது என்று செழியன் அண்ணா சொன்னாரே, அதற்கு டயர் அளவு தெரிய வேண்டும். அந்த எண் எழுதப்படாத பெட்டியில் ஸ்பீடாமீட்டர் வேலை செய்யாது. வேறு டயர் அளவு உள்ள வண்டியின் பழைய பெட்டியாக இருந்தால் வேகம் தப்பாகக் காட்டும், க்ரூஸ் கன்ட்ரோலும் அதோடு தப்பும். ஸ்கேனரில் டிரான்ஸ்மிஷன் பகுதிக்குள் பினியன் ஃபேக்டர் என்று இருக்கும், டயர் அளவைத் தேர்ந்தெடுத்து எழுதுங்கள். டயரின் பக்கவாட்டில் 215/70 ஆர்15 அல்லது 215/65 ஆர்16 என்று என்ன இருக்கிறதோ அது.

இரண்டாவது குயிக் லேர்ன். ஒவ்வொரு கிளட்ச்சையும் நிரப்ப எவ்வளவு ஆயில் வேண்டும் என்பதைப் பெட்டி அளந்து, கிளட்ச்சுக்கு ஓர் எண்ணாக நினைவில் வைத்துக்கொள்கிறது. புதுப் பெட்டியில் தொழிற்சாலையில் போட்ட பொது எண் மட்டுமே இருக்கும். உங்கள் கியர்பாக்ஸின் தேய்மானம் அதற்குத் தெரியாது. குயிக் லேர்ன் அதை உடனே அளக்கும். நிபந்தனைகள்: பிரேக் மிதித்தபடி இருக்க வேண்டும், இன்ஜின் 500 ஆர்பிஎம்முக்கு மேல், ஆக்ஸிலரேட்டரில் கால் கூடாது, ஆயில் சூடு 15 டிகிரிக்கு மேல் 93 டிகிரி செல்சியஸுக்குள். ஸ்கேனர் ஓவர்டிரைவுக்கு மாற்றச் சொல்லும் வரை லீவரைத் தொடாதீர்கள், மாற்றிய பின் முடிந்தது என்று சொல்லும் வரை அங்கேயே விடுங்கள். நடுவில் பிரேக்கிலிருந்து கால் எடுத்தால் முதலிலிருந்து.

#18 நாலாம்கியர்

பெட்டி மாட்டியாகிவிட்டது, பினியன் ஃபேக்டர் எழுதியாகிவிட்டது. ஸ்பீடாமீட்டர் ஜிபிஎஸ்ஸோடு ஒத்துப்போகிறது. கோடு எதுவும் இல்லை. குயிக் லேர்ன் முடிந்தது என்று காட்டியது, ஆனால் இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது முதுகில் தட்டியது போல ஒரு அடி. இது இயல்பா?

#19 வயரிங் செழியன்

ஆரம்பத்தில் இயல்புதான். 2-3 மாற்றத்தின்போதுதான் ஓவர்டிரைவ் கிளட்ச் எண்ணைப் பெட்டி திருத்திக்கொள்கிறது. 1-2-ல் 2/4, கீழே இறங்கி ஒன்றுக்கு வரும்போது லோ-ரிவர்ஸ், நான்கிலிருந்து இறங்கும்போது அண்டர்டிரைவ். எங்கே அடிக்கிறதோ அந்த மாற்றத்தை அதிகம் செய்ய வைக்க வேண்டும்.

குயிக் லேர்ன் வசதி இல்லாதவர்களுக்கும் இதே முறைதான். கியர்பாக்ஸ் நன்றாகச் சூடான பிறகு, போக்குவரத்து இல்லாத சாலையில், நின்ற நிலையிலிருந்து 80 கிலோமீட்டர் வரை, ஆக்ஸிலரேட்டரை அசைக்காமல் ஒரே அளவில் வைத்து ஏற்றுங்கள். 1-2, 2-3, 3-4 மூன்றும் 15 முதல் 20 தடவை. கால் ஆடினால் பெட்டி அந்த மாற்றத்தைக் கணக்கில் எடுக்காது, இதுதான் பலர் தவறவிடுவது. பிறகு 40 கிலோமீட்டருக்குக் கீழே, இரண்டு அல்லது மூன்றிலிருந்து ஒன்றுக்கு முழு மிதி கிக்டவுன் (ஆக்ஸிலரேட்டரை அழுத்திக் கியரை இறங்க வைப்பது) 5 முதல் 8 தடவை. நடுவே குறைந்தது 5 வினாடி இரண்டிலோ மூன்றிலோ ஓடவிடுங்கள். கடைசியாக 40-க்கு மேல், நான்கிலிருந்து மூன்றுக்கோ இரண்டுக்கோ 5 கிக்டவுன், ஒவ்வொன்றுக்கும் முன் 5 வினாடி நான்காம் கியரில்.

#20 உதிரிபாகம்

அதற்கு முன் ஆயில் அளவைப் பாருங்கள். பார்க்கில் அல்லது நியூட்ரலில், இன்ஜின் ஐடிலில் குறைந்தது ஒரு நிமிடம் ஓடிய பிறகு, சூடான நிலையில் குச்சியின் ஹாட் பட்டைக்குள். ஏடிஎஃப்+4 வகை கியர்பாக்ஸ் ஆயில் தவிர வேறு எதையும் ஊற்றாதீர்கள். எல்லா வண்டிக்கும் ஏற்றது என்று விற்கும் ஆயில் ஊற்றிய 41டிஇ-யில் டார்க் கன்வர்ட்டர் லாக் ஆகும்போது அதிர்வு வரும், பெட்டியைக் குறை சொல்வார்கள். ஆயில் பான் கழற்றி ஃபில்டரோடு மாற்றினால் ஏறத்தாழ 3.8 லிட்டர் பிடிக்கும்.

#21 நாலாம்கியர்

ஆயில் ஏடிஎஃப்+4, சிவப்பாக, பட்டைக்குள் இருக்கிறது. சொன்ன முறைப்படி ஓட்டியதும் 2-3 அடி போய்விட்டது. ஸ்கேனரில் கிளட்ச் எண்கள் இப்படி: லோ-ரிவர்ஸ் 58, 2/4 41, ஓவர்டிரைவ் 112, அண்டர்டிரைவ் 47. எப்படி எடுத்துக்கொள்வது?

#22 தேவி_எலக்ட்ரிகல்ஸ்

நல்ல எண்கள். வரம்பு: லோ-ரிவர்ஸ் 35 முதல் 83, 2/4 20 முதல் 77, ஓவர்டிரைவ் 48 முதல் 150, அண்டர்டிரைவ் 24 முதல் 70. எல்லாம் உள்ளே இருக்கின்றன. மேல் வரம்பை நெருங்கும் எண் அந்த கிளட்ச் தேய்ந்து இடைவெளி கூடியதைக் காட்டும். அப்படி இருந்திருந்தால் பி0731 வரிசைக் கோடு ஒன்று வரும் நாள் தூரத்தில் இல்லை என்று அர்த்தம்.

இந்த நான்கு எண்ணையும் இன்றைய ஓடோமீட்டரோடு எழுதி வண்டியிலேயே வையுங்கள். அடுத்த ஆயில் மாற்றத்தின்போது மறுபடி பாருங்கள். பேட்டரியைக் கழற்றினால் இவை பொது எண்ணுக்குத் திரும்பிவிடும், அப்போது செழியன் அண்ணா சொன்ன ஓட்டத்தைத் திரும்பச் செய்ய வேண்டும். பேட்டரியை அடுத்து மாற்றும்போது மெக்கானிக்கிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த 2-3 அடியைக் கேட்டுவிட்டு மறுபடி ஒரு டிசிஎம் எழுதிக்கொடுப்பார்.